ஏர்போர்ட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால்: வடசென்னைக்கு வரும் நம்மவர்களுக்கு

போன தை மாதம் லண்டனிலிருந்து வந்த எங்கள் அக்கா, தண்டையார்பேட்டை வீட்டில் காபி குடித்து முடித்த பிறகுதான் கைப்பையைத் துழாவினார். பாஸ்போர்ட்டைக் காணோம். கூடத்தில் பாயை விரித்துப் பையைக் கவிழ்த்தோம். மாத்திரை அட்டை, சில்லறைப் பவுண்டு, பிள்ளைகளுக்கு வாங்கிய சாக்லேட், போர்டிங் பாஸ் எல்லாம் விழுந்தன, பாஸ்போர்ட் மட்டும் இல்லை. பதற்றத்தில் அக்கா அங்கேயே உட்கார்ந்து, பிரிட்டிஷ் அரசு இணையதளத்தில் தொலைந்துவிட்டதாகப் பதிவு செய்துவிட்டார். மறுநாள் காலை விமான நிலையத்திலிருந்து போன். டிராலியின் முன்கூடையில் கிடந்ததாம். கடைசிப் பக்கத்தில் எங்கள் வீட்டு போன் நம்பரை எழுதி வைத்திருந்ததால் கூப்பிட்டார்கள்.

போய் வாங்கி வந்தோம், பயனில்லை. தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட் அப்போதே ரத்தாகிவிடும். திரும்பக் கிடைத்தாலும் அதில் பயணம் செய்ய முடியாது. அதனால் சொல்கிறேன்: திருட்டு என்று உறுதியாகத் தெரிந்தால் உடனே பதிவு செய்யுங்கள். மறதியாக இருக்கலாம் என்றால் முதலில் தேடுங்கள்.

எங்கே தேடுவது? இமிக்ரேஷனில் முத்திரை குத்தும்வரை அது உங்கள் கையில்தான் இருந்தது. அதற்குப் பிறகு பெட்டி வரும் பெல்ட், கஸ்டம்ஸ் ஸ்கேனர், டிராலி, டாக்ஸியின் பின்சீட்டு, அவ்வளவுதான். ஏர்லைன்ஸுக்கும் டெர்மினல் மேனேஜர் அலுவலகத்துக்கும் சொல்லுங்கள். பாதுகாப்பில் இருக்கும் சி.ஐ.எஸ்.எஃப்.காரர்கள் கண்டெடுத்த பொருட்களைத் தங்கள் இணையதளத்தில் பட்டியலிடுகிறார்கள், அதையும் பாருங்கள். திரும்பிப் போக டாக்ஸி வேண்டாம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை எங்கே ஏறினாலும் நீல வழித்தட மெட்ரோ மாறாமல் ஏர்போர்ட்டில் இறக்கிவிடும்.

கிடைக்கவில்லையா, அங்கேயே விமான நிலையக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனால், தொலைந்தது அங்கே அல்லவா என்று அலைய நேரிடலாம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் தொலைந்த ஆவணங்களைப் பதிவு செய்யும் வசதி உண்டு. ரசீதில் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக முழுசாக இருக்கும், நம் ஊர் வழக்கத்தில் அதை இனிஷியலாகச் சுருக்கி எழுதிவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரும் நம்பரும் போட்டு, புகாரை ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொண்டு போவது நல்லது.

அடுத்தது உங்கள் நாட்டுத் தூதரகம். பிரிட்டனுடையது நுங்கம்பாக்கம் ஆண்டர்சன் சாலையில், அமெரிக்காவுடையது ஜெமினி மேம்பாலத்தருகே. இரண்டுக்கும் அதே மெட்ரோவில் ஆயிரம் விளக்கில் இறங்கலாம். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, ஜெர்மனிக்கும் சென்னையில் அலுவலகம் உண்டு. கனடாக்காரர்கள் தில்லியில் உள்ள தூதரகத்தைத் தொடர்பு கொள்ள வேண்டும். போட்டோ அளவு நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவுக்கு 2 அங்குலச் சதுரம், கனடாவுக்கு 50க்கு 70 மில்லிமீட்டர். ஸ்டுடியோவில் வெறும் 'பாஸ்போர்ட் சைஸ்' என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள். பிரிட்டனின் அவசரப் பயண ஆவணம் நீங்கள் சொல்லும் பயண வழிக்கு மட்டும்தான் செல்லும். துபாய் வழி டிக்கெட் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

புது ஆவணம் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நாங்களும் நினைத்தோம். இல்லை. இந்திய விசாவும் வந்திறங்கிய முத்திரையும் தொலைந்த அல்லது ரத்தான பாஸ்போர்ட்டில்தான் இருக்கும், புது ஆவணத்தில் இருக்காது. அவை இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேற எக்ஸிட் பெர்மிட் வேண்டும். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். நேரில் வரச் சொன்னால் போக வேண்டியது ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன், அதுவும் நுங்கம்பாக்கம்தான். காவல்துறை ரசீது, புது ஆவணம், பழைய பாஸ்போர்ட் மற்றும் விசாவின் நகல், தங்கியிருக்கும் முகவரிக்குச் சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். முகவரிக்கு உறவினர் வீட்டு ஈ.பி. பில்லை எடுத்து வையுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரரைத் தங்க வைக்கும் வீட்டார் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அவர் தங்கும் விவரத்தைப் பதிய வேண்டும் என்பது விதி. சொந்தக்காரர்தானே என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், பிறகு இந்த மாதிரி நேரத்தில் முழிக்கிறார்கள். பெர்மிட் கைக்கு வரும்வரை டிக்கெட் தேதியை உறுதி செய்யாதீர்கள். அக்கா அவசரப்பட்டு மாற்றிய முதல் டிக்கெட் வீணாய்ப் போனது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு அதுவே ஆயுள் விசா. ஆனால் அதையும் பாஸ்போர்ட்டையும் ஒரே உறையில் வைக்காதீர்கள், போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்தவர்கள் பாஸ்போர்ட் சேவா தளத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை ரசீதோடு 'எஃப்' இணைப்பு உறுதிமொழியும் தேவை. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 3,000 ரூபாய், தட்கலில் 5,000. சந்தேகம் கேட்க 1800-258-1800.

இப்போது எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: ஏர்போர்ட்டிலிருந்து வண்டி கிளம்பிக் கத்திப்பாராவைத் தாண்டுவதற்குள் பாஸ்போர்ட் முதல் பக்கம், விசா, அன்றைக்குக் குத்திய முத்திரை மூன்றையும் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப் செய்துவிடுங்கள். எடுக்கப் போகும்போது பாஸ்போர்ட் கையில் இல்லையென்றால், டெர்மினலுக்கு வண்டியைத் திருப்ப அப்போதும் நேரமிருக்கும்.