நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் ரக எஞ்சினைப் பார்ப்பது எப்படி

மேட்டுப்பாளையத்தில் எல்லோரும் முதல் பெட்டிக்குத்தான் முண்டியடிப்பார்கள். காட்டைப் பார்க்க அது சரி. எஞ்சினைப் பார்க்க ஆசையென்றால் கடைசிப் பெட்டிக்கு வாருங்கள். ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும்.

கிளம்பும் முன் நடைமேடையில் நின்று பக்கவாட்டில் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர்கள். கீழே இருப்பது தண்டவாளத்தில் உருளும் சக்கரங்களுக்கு, மேலே இருப்பது பல்சக்கரங்களுக்கு. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் 1914 முதல் கட்டிய ரகம் இது. இத்தனை நேர்த்தியான இயந்திரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கல்லாறு வரை மேல் சிலிண்டருக்கு வேலையே இல்லை. கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு ஓரடி ஏற்றம். தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பல்பட்டைகள் ஓடும்; ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதின் இடைவெளி இருக்கும்படி தள்ளிப் பதித்திருப்பார்கள். அதனால் பல்சக்கரங்களின் பிடி விட்டுப்போகாது. இங்கேதான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கீழ் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி வீணாகாமல் மேலே போகும், புகைபோக்கியின் தாளமே மாறிவிடும். வளைவு வரும்போது எட்டிப் பார்த்தால், கீழ்த் தண்டுகள் ஒரு பக்கம் சுற்ற, மேல் தண்டுகள் எதிர்ப்பக்கம் இன்னும் வேகமாகச் சுற்றுவது தெரியும். குகைகளில் மட்டும் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி அருகில் போய்ப் பாருங்கள். குன்னூரில் பெரும்பாலும் டீசல் எஞ்சின் மாற்றிவிடுவார்கள்.