சிமியோன் முறையில் பிரசங்கம் தயாரிப்பது எப்படி

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைச் சனிக்கிழமை ராத்திரி தேடுகிறவர்களுக்கு சார்லஸ் சிமியோன் சங்கடமான ஆள். ஒரு பிரசங்கத்துக்கு அவர் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகச் செலவழித்தது அபூர்வம். பலவற்றுக்கு அதைப் போல இரண்டு மடங்கு ஆகும், சிலவற்றுக்கு நாள்கணக்கில் ஆகும். கேம்பிரிட்ஜில் ஒரே ஆலயத்தில் 1782 முதல் 1836 வரை, 54 ஆண்டுகள், இப்படித்தான் உழைத்தார். பிஷப் ஆகவில்லை. கடைசிவரை ஒரு சபையின் குருவானவர், கிங்ஸ் கல்லூரியின் ஃபெல்லோ என்ற உறுப்பினர், அவ்வளவுதான். ஆனாலும் இங்கிலாந்து திருச்சபையின்மேல் அவருக்கு இருந்த செல்வாக்கு எந்தப் பேராயருக்கும் இருந்ததில்லை என்று மெக்காலே எழுதினார். நம் ஊர்க் கல்விக் கொள்கையால் நாம் அறிந்த அதே மெக்காலேதான்.

அந்தச் செல்வாக்கு பெரும்பாலும் அவர் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலை முறையிலிருந்து வந்தது. இன்றும் யாரும் அதைப் பழகலாம். கிரேக்கம் தெரியாவிட்டாலும் பழகலாம்.

முறைக்குள் போகுமுன் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1759இல் ரெடிங் நகரில் பிறந்தார், ஈட்டனில் படித்தார். 1779இல் கிங்ஸ் கல்லூரிக்கு வந்ததும், சில வாரங்களில் திருவிருந்து எடுத்தாக வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. தனக்கு அந்தத் தகுதி இல்லை என்று நடுங்கிப்போய்ப் பக்திநூல்களைத் தேடி வாசித்தார். பழைய ஏற்பாட்டு மக்கள் தங்கள் பாவத்தைப் பலியின் தலையின்மேல் சுமத்தினார்கள், அது அறிந்து செய்த காரியம் என்ற ஒரு வரி அவரைப் பிடித்துக்கொண்டது. அப்படியே தன் பாவத்தையும் இயேசுவின்மேல் வைக்கலாம் என்று புரிந்தது. ஏப்ரல் 4, ஈஸ்டர் காலையில் மனச்சமாதானம் வந்தது. அவர் பிரசங்க முறையின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது.

1782இல் பிஷப் அவரைப் பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்கு நியமித்தார். சபையாரோ அங்கிருந்த உதவிக்குருவையே விரும்பியிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஆலய இருக்கைகள் கதவு வைத்த பெட்டிகள் மாதிரி, குடும்பத்துக்கு ஒன்றாக இருக்கும். உரிமைக்காரர்கள் அவற்றைப் பூட்டிவிட்டு ஆலயத்துக்கே வராமல் இருந்தார்கள். சிமியோன் நடைபாதையில் தன் செலவில் பெஞ்சு போட்டார், ஆலயக் காரியஸ்தர்கள் அதைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். ஞாயிறு பிற்பகல் சொற்பொழிவுப் பதவியையும் 12 ஆண்டுகள் வேறு ஆள்களுக்கே கொடுத்தார்கள். கர்த்தருடைய ஊழியக்காரன் சண்டைபண்ணக்கூடாது என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு அவர் பொறுத்திருந்தார். நின்றுகொண்டே கேட்க வந்தவர்களுக்குத்தான் அந்த ஆண்டுகளில் பிரசங்கித்தார். கால் வலிக்க நிற்கிறவனுக்கு முன்னால் சுற்றி வளைத்துப் பேச முடியாது.

பன்னிரண்டு மணி நேரத்தைப் பிரிப்பது

கீழே உள்ள நேரப் பங்கீடு சிமியோன் வகுத்ததல்ல, அவருடைய முறையை இன்றைய ஒரு வாரத்துக்குள் அடக்குவதற்காகப் பிரித்தது. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் இரண்டு மணி நேரம், சனிக்கிழமை இரண்டு மணி நேரம். விடியற்காலையில் உட்காருவது நல்லது. சிமியோன் நாலு மணிக்கு எழுகிறவர். தூங்கிப்போனால் வேலைக்காரப் பெண்ணுக்கு அரை கிரவுன் அபராதம் தருவது என்று வைத்துக்கொண்டார். அவளுக்குக் காசு கிடைக்கிறதே என்று மனசு சமாதானம் சொல்ல ஆரம்பித்தபோது, அடுத்த தடவை ஒரு கினி தங்கக் காசைக் கேம் நதியில் எறிவதாக முடிவு செய்தார். ஒரு தடவை எறியவும் செய்தார். அதற்குப்பின் தூங்கவில்லையாம்.

திங்கள், 2 மணி நேரம். வசனத்தைத் தேர்ந்ததும் அந்த அதிகாரம் முழுவதையும், முன்னும் பின்னும் ஒவ்வொரு அதிகாரத்தையும் வாசியுங்கள். விளக்கவுரையை இன்று தொட வேண்டாம். யார் யாரிடம் பேசுகிறார், எதற்காக, எந்தக் கேள்விக்குப் பதிலாக என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். லூக்கா 18:13ஐ, வரி வசூலிக்கிற ஆயக்காரனின் ஜெபத்தை, எடுத்துக்கொள்வோம்: “ஆயக்காரன் தூரத்திலே நின்று, தன் கண்களையும் வானத்துக்கு ஏறெடுக்கத் துணியாமல், தன் மார்பில் அடித்துக்கொண்டு: தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும் என்றான்.” இந்தக் கதை யாருக்குச் சொல்லப்பட்டது என்பது 9ஆம் வசனத்தில் இருக்கிறது. தங்களை நீதிமான்களென்று நம்பி மற்றவர்களை அற்பமாய் எண்ணினவர்களுக்கு. அதை விட்டுவிட்டால் பிரசங்கம் “ஜெபிப்பது எப்படி” என்ற பொதுப்பேச்சாகிவிடும். இந்த வசனத்தில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

செவ்வாய், 2 மணி நேரம். வசனத்தின் வார்த்தைகள், ஒத்த வாக்கியங்கள். சிமியோன் தனக்கு விதித்துக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு: வேதத்தில் இருப்பதை வெளியே எடுக்க வேண்டும், இருக்கலாம் என்று தனக்குத் தோன்றுவதை உள்ளே திணிக்கக் கூடாது. சோதித்துப் பார்க்க எளிய வழி, நீங்கள் எழுதிய ஒவ்வொரு கருத்துக்கும் பக்கத்தில் அது வசனத்தின் எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று குறிப்பது. சொல் காட்ட முடியாத கருத்தை அடித்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. விளக்கவுரைகளை இந்த நாளின் கடைசி அரை மணி நேரத்தில் திறக்கலாம்.

புதன், 2 மணி நேரம். இந்த வேலையின் கடினமான நாள் இதுதான். வசனம் முழுவதையும் ஒரே வாக்கியமாக்க வேண்டும். சிமியோன் இதற்குத் தறியை உவமை காட்டினார்: அந்த ஒரு வாக்கியம்தான் பாவு, வசனத்தின் சொற்கள் அதனூடே ஓடும் ஊடை. லூக்கா 18:13க்குப் பாவு இப்படி இருக்கலாம்: “தன்னிடம் காட்ட ஒன்றுமில்லை என்று அறிந்தவனே தேவனிடம் பெற்றுக்கொள்கிறான்.” இனி ஊடை. “தூரத்திலே நின்று” என்பது தகுதியில்லை என்ற அறிவு. “ஏறெடுக்கத் துணியாமல்” என்பது வெட்கம். “மார்பில் அடித்துக்கொண்டு” என்பதில் குற்றம் தன்னுடையது, பிறரைக் காட்டும் விரல் அங்கே இல்லை. “கிருபையாயிரும்” என்பதில் பேரம் இல்லை. நான்கும் ஒரே வாக்கியத்தையே நான்கு இடத்தில் இறுக்குகின்றன.

வாக்கியத்தில் “மேலும்”, “அதோடு” என்று வந்தால் உங்களிடம் இரண்டு பிரசங்கங்கள் இருக்கின்றன என்று அர்த்தம். ஒன்றை அடுத்த வாரத்துக்கு வையுங்கள். எந்த வசனத்துக்கும் பொருந்துகிற வாக்கியமாக இருந்தால், உதாரணமாக “தேவன் நம்மை நேசிக்கிறார்” என்று இருந்தால், திங்கட்கிழமை வேலை சரியாக நடக்கவில்லை. திரும்பப் போங்கள்.

வியாழன், 2 மணி நேரம். பிரிவுகள். சிமியோன் இதை 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஹியூகனாட் (புராட்டஸ்டண்ட்) போதகர் ஜான் கிளாட் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தார். வசனத்தைக் கையாள நான்கு வழிகள் அதில் உண்டு. பொருள் மறைந்திருக்கும் வசனத்துக்கு விளக்கம். பொருள் வெளிப்படையான வசனத்துக்கும் வரலாற்றுப் பகுதிக்கும் கவனிப்புகள். “பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்” மாதிரி நேரடியான ஏவுதலுக்கு, முதல் நிமிஷத்திலிருந்தே கேட்பவனோடு பேசும் தொடர் பிரயோகம். பெரிய உபதேசத்தை அடக்கிய வசனத்துக்கு அதிலிருந்து கிளைக்கும் கூற்றுகள். தெளிவான வசனத்தை விளக்கோ விளக்கென்று விளக்கினால் சபை தூங்கும், மூடிய வசனத்தின்மேல் கவனிப்புகளை அடுக்கினால் குழம்பும். பிரசங்கம் கெட்டுப்போகப் பாதிக் காரணம் இந்தத் தவறான தேர்வுதான். பிரிவுகள் இரண்டோ மூன்றோ போதும். எதுகைமோனைக்காகப் பிரிவைச் செதுக்காதீர்கள். மூன்றாவது “க”வுக்காக வசனத்தில் இல்லாத ஒரு கருத்து நுழைந்துவிடும்.

வெள்ளி, 2 மணி நேரம். எழுதுங்கள், முழுவதுமாக. ஆரம்ப ஆண்டுகளில் சிமியோனும் எழுதியே வாசித்தார், பிறகுதான் குறிப்பை வைத்துப் பேசப் பழகினார். ஒவ்வொரு பிரசங்கத்திலும் நோக்கத்தில் ஒருமை, அமைப்பில் தெளிவு, மொழியில் எளிமை ஆகிய மூன்றையும் கேட்டார். எளிமைக்கு நம்மிடையே உள்ள தடை வேதத்தமிழும் பேச்சுத்தமிழும் ஒரே வாக்கியத்தில் முட்டிக்கொள்வது. வசனத்தை அதன் மொழியிலேயே வாசியுங்கள், விளக்கும்போது உங்கள் மொழிக்கு வந்துவிடுங்கள்.

சனி, 2 மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் வெட்டுவதற்கு, அடுத்தது சத்தமாகச் சொல்லிப் பார்ப்பதற்கு. வெட்டும்போது மூன்று கேள்விகள். இது பாவியைத் தாழ்த்துகிறதா? இரட்சகரை உயர்த்துகிறதா? பரிசுத்தத்தை வளர்க்கிறதா? தம் பிரசங்கங்களை இந்த மூன்று அளவுகோலால் அளந்து பாருங்கள் என்று சிமியோன் வாசகர்களையே கேட்டுக்கொண்டார். முதல் கேள்வியில் மட்டும் தேறும் பிரசங்கம் சபையை அடித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறது. மூன்றாவதில் மட்டும் தேறுவது ஒழுக்க வகுப்பு. இரண்டாவதில் தோற்றால் வியாழக்கிழமைக்குத் திரும்ப வேண்டும், ஒட்டுப் போட முடியாது. கடைசி ஐந்து நிமிஷத்தில் சிலுவையைக் கொண்டுவந்து ஒட்டவைத்தது கேட்பவனுக்கு நன்றாகவே தெரியும்.

உங்கள் கட்சிக்கு இடிக்கும் வசனம் வந்தால்

இரட்சிப்பில் தேவன் மனிதரை முன்னதாகவே தெரிந்துகொள்ளுதலா, மனிதனின் சுயாதீனமா என்ற சண்டை அவர் காலத்திலும் கொதித்தது. சிமியோன் நடுவில் போய் நிற்கவில்லை. சத்தியம் ஒரு முனையிலும் இல்லை, நடுவிலும் இல்லை, இரண்டு முனைகளிலும் இருக்கிறது என்றார். நடைமுறையில் இதன் பொருள், தெரிந்துகொள்ளுதலைப் பேசும் ரோமர் 9 வரும் ஞாயிறு அதன் முழு எடையோடு பேசுங்கள், விழுந்துபோகிறவர்களை எச்சரிக்கும் எபிரெயர் 6 வரும் ஞாயிறு அந்த எச்சரிக்கையை அதன் முழு எடையோடு பேசுங்கள் என்பதுதான். ஒரு வசனத்தைச் சொன்ன கையோடு “ஆனால்” போட்டு அதை மழுக்குகிற பழக்கம் இருந்தால், எழுதிய பிரதியில் “ஆனால்”களை எண்ணிப் பாருங்கள்.

குரல்

உரக்கப் பேசுவதும் உயர்த்திப் பேசுவதும் வேறு வேறு. இயல்பான குரலிலேயே பேசுங்கள், சுருதியை ஏற்றாமல் பலத்தைக் கூட்டுங்கள் என்பது இளம் குருமாருக்கு அவர் சொன்ன புத்தி. அவருக்கே 1807இல் குரல் உடைந்தது. பிரசங்கித்தபின் முணுமுணுக்கத்தான் முடியும் என்கிற நிலை வந்து, 1819 வரை அப்படியே போனது. இன்று மைக் இருக்கிறது, அதனால் கத்த வேண்டிய காரணமே இல்லை. ஆனாலும் மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு கத்துகிறவர்கள் நம்மிடம் குறைவில்லை. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள்.

வகுப்பு நடத்துவது

அன்று கேம்பிரிட்ஜில் குருத்துவப் பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது, பட்டம் வாங்கினால் குருப்பட்டாபிஷேகம். அந்தக் குறையை சிமியோன் தன் அறையிலேயே நிரப்பினார். மாணவர்களுக்கு ஒரு வசனம் கொடுப்பார், அவர்கள் பிரசங்கச் சட்டகம் எழுதி வருவார்கள், அவர் அதைப் பிரித்துப் போட்டுத் திருத்துவார். வெள்ளிக்கிழமை மாலைகளில் தேநீரோடு கேள்வி பதில் நடக்கும், யாரும் எதையும் கேட்கலாம்.

அந்த வட்டத்திலிருந்து போனவர்களைப் பாருங்கள். அவருடைய உதவிக்குருவாக இருந்த ஹென்றி மார்ட்டின் இந்தியாவுக்கு வந்து புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் மொழிபெயர்த்து, 1812இல் துருக்கியின் தோக்காத்தில் இறந்தார். தாமஸ் தாமசன் கல்கத்தாவுக்குப் போனார். டேனியல் கோரி 1835இல் சென்னையின் முதல் பிஷப் ஆனார். சிமியோனும் சேர்ந்து 1799இல் தொடங்கிய சி.எம்.எஸ். மிஷனெரி சங்கம்தான் பின்னால் ரேனியஸ் என்ற மிஷனெரியை அனுப்பியது, அவர் 1820இல் திருநெல்வேலிக்கு வந்தார்.

நீங்கள் நடத்தினால் ஆறு முதல் எட்டுப் பேர் போதும், அதற்கு மேல் போனால் எல்லாருடைய தாளையும் பார்க்க நேரம் இராது. ஒரு வாரம் முன்னதாக வசனத்தைக் கொடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம்: மேலே ஒரே வாக்கியம், கீழே இரண்டோ மூன்றோ பிரிவுகள், ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே வசனத்தின் சொல். முதலில் எல்லாரும் வாக்கியத்தை மட்டும் வாசிக்கட்டும். பாதிப் பிழைகள் அங்கேயே தெரிந்துவிடும். நடத்துகிறவர் தன் தாளைக் கடைசியில்தான் காட்ட வேண்டும். முதலில் காட்டினால் அடுத்த வாரம் எல்லாரும் அவரையே நகலெடுத்து வருவார்கள்.

சிமியோனின் சட்டகங்கள் 21 தொகுதிகளில் 2,536 இருக்கின்றன, ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை. அவரே முதல் பதிப்புகளில் அவற்றை எலும்புக்கூடுகள் என்றுதான் அழைத்தார். சதை பூசுவது பிரசங்கியின் வேலை. புதன்கிழமைக்கு முன் அவற்றைத் திறந்தால் உங்கள் வாக்கியம் பிறக்காது. வியாழக்கிழமை திறந்து, உங்கள் பிரிவுகளை அவருடையவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே பயன். 200 ஆண்டு பழைய ஆங்கிலம், வாக்கியங்கள் நீளம், பொறுமை வேண்டும்.

முதல் இரண்டு வகுப்புக்கு ரொம்பப் பழகிய வசனங்களையே கொடுங்கள், அவற்றில்தான் திணிப்பு அதிகம். பிலிப்பியர் 4:13, “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு.” பரீட்சையில் வெற்றி, வியாபாரத்தில் வெற்றி என்று எழுதி வருகிறவரை 11, 12ஆம் வசனங்களை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே பசியும் குறைவுபடுதலும் இருக்கின்றன. இன்னொன்று எரேமியா 29:11, புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் தவறாமல் வருவது. அதற்கு முந்தின வசனம் பாபிலோனில் எழுபது வருஷம் என்கிறது, அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே முடியாது. இதை மறைக்காமல் ஒரே வாக்கியம் எழுதி வரச் சொல்லுங்கள்.