காரைக்குடியிலிருந்து விமானத்துக்குப் போகிறவர்களுக்கு

திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது. திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் வழியாக வரும்போது ஊருக்குள் நுழையும் முன்பே வந்துவிடும். அதனால் பஸ்ஸில் ஏறும்போதே கண்டக்டரிடம், "ஏர்போர்ட் வழியா போகுமா, நிறுத்துவீங்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காமல் ஏறி திருச்சி பஸ் நிலையம் வரை போய்விட்டால், வந்த பக்கமே ஆட்டோ பிடித்துத் திரும்ப வேண்டும். ரயிலில் போனாலும் ஜங்ஷனில் இறங்கி இதே கதைதான். பெட்டிகளோடு வரும் பெரியவர்களுக்கு ரொம்பச் சிரமம்.

மதுரைக்கு என்றால் பஸ் மாட்டுத்தாவணியில் நின்றுவிடும். விமான நிலையமோ ஊருக்குத் தெற்கே. டாக்ஸிக்காரரிடம் ரிங் ரோடு வழியாகப் போகச் சொல்லுங்கள், டவுன் நெரிசல் மிச்சம்.

வெளிநாட்டு விமானங்களுக்குப் பொதுவாக 1 மணி நேரம் முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். 3 மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். விடியற்காலை விமானம் என்றால் பஸ்ஸை நம்ப வேண்டாம், முந்தின நாளே கார் சொல்லிவையுங்கள்.