கன்ட்ரோல் பேனல் லாரி ஏறும் முன் 12 மில்லி ஆம்பியர் கொடுத்துப் பாருங்கள்

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா பக்கம் சிஸ்டம் இன்டக்ரேஷன் (கன்ட்ரோல் பேனல் செய்து புரோகிராம் போட்டுக் கொடுக்கும்) கம்பெனிகளில் சேர்ந்திருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. ஒர்க்‌ஷாப்பில் அனலாக் இன்புட் (சென்சாரின் அளவைக் கரன்ட்டாக வாங்கும் சேனல்) சோதிக்கும்போது பலரும் 20 மில்லி ஆம்பியர் கொடுத்து, ஃபுல் ஸ்கேல் வந்ததும் டிக் அடித்துவிடுகிறார்கள். அது போதாது. வேண்டிய கரன்ட்டைத் துல்லியமாகக் கொடுக்கும் கருவியான லூப் கேலிப்ரேட்டரில் 4, 12, 20 மூன்றையும் கொடுங்கள். 0–10 பார் பிரஷரை 4–20 மில்லி ஆம்பியராக அனுப்பும் டிரான்ஸ்மிட்டருக்கான சேனல் என்றால் 12-க்குத் திரையில் 5 பார் வரவேண்டும். 6 வந்தால் பெரும்பாலும் இன்புட் கார்டு 4–20க்குப் பதிலாக 0–20 என்று செட் ஆகியிருக்கும். அப்போது 4 கொடுத்தால் 0-க்குப் பதில் 2 பார் காட்டும். 20-ல் மட்டும் இரண்டு செட்டிங்கும் ஒரே 10 பார்தான். அதனால் 20 மட்டும் கொடுத்தால் தப்பு மாட்டாமல் தப்பித்துவிடும்.

அப்படியே ஒயரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். கரன்ட் 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் பொதுவாக ஃபால்ட் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அலாரம் வந்தால் மட்டும் பத்தாது, அந்த பிரஷரைப் பார்த்து ஓடும் பம்ப் என்ன செய்கிறது என்பதையும் கவனியுங்கள். ஒயர் அறுந்ததை ‘பிரஷர் குறைவு’ என்று லாஜிக் நினைத்துக்கொண்டால், பம்ப்பை முழு வேகத்தில் ஓட்டும். கஸ்டமர் கேட்காவிட்டாலும் இதை ஃபேக்டரி டெஸ்ட் ஷீட்டில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.