சுருட்டிய பன்றி இறைச்சி நடுவிலும் வெந்தது

போன நத்தாருக்கு, ஹட்டனில் எங்கள் வீட்டு முற்றத்தில், லீக்ஸும் பாண் தூளும் மிளகும் வைத்துச் சுருட்டிய பன்றி இறைச்சியைக் கரி அடுப்பில் சுட்டேன். வெளியே கருகிவிட்டது, நடுவில் பச்சை. நூலை அவிழ்த்ததும் உள்ளே வைத்ததெல்லாம் கொட்டியது. அம்மா ஒன்றும் சொல்லாமல் அதைச் சட்டியில் போட்டுக் கறியாக்கிவிட்டார்.

பூரணத்தை அள்ளித் திணித்திருந்தேன். தணலும் நேர் கீழே இருந்தது.

இந்த முறை இறைச்சியைப் புத்தகம்போல விரித்து, தட்டி, எல்லா இடமும் அரை அங்குலத் தடிப்பாக்கினேன். வதக்கிய லீக்ஸை நன்றாக ஆறவிட்டு மெல்லிசாகப் பரப்பி, ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டேன். அப்புறம் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கட்டு, பருத்தி நூலால்; நைலோன் உருகிவிடும். தணலை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் கொழுப்பு வடிய ஒரு தட்டு வைத்து மூடினேன். மூடி கட்டாயம் வேண்டும், எங்கள் குளிர்காற்று சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஓவனில் சுடுவதென்றால் 180 பாகை செல்சியஸ்.

நேரத்தை நம்பாதீர்கள். வெப்பமானி பூரணத்தின் நடுவில் 74 பாகை காட்டவேண்டும். பூரணம் இல்லாத முழுத் துண்டுக்கு 63 போதும், ஆனால் இதில் பச்சை இறைச்சியின் சாறு உள்ளே ஊறியிருக்கும். இறக்கி 15 நிமிடம் விட்டுத்தான் வெட்டினேன். ஒவ்வொரு துண்டிலும் லீக்ஸ் சுருள் குலையாமல் நின்றது.