வால்ஐ மீனுக்கு ஜிக் போட ஏற்ற தூண்டிற்கோலைத் தேர்ந்தெடுப்பது எப்படி

வட அமெரிக்க நன்னீர் மீனான வால்ஐ (walleye) பெரும்பாலான வேளைகளில் ஜிக்கை, அதாவது ஈயத்தலை வைத்த கொக்கியை, கவ்வி இழுத்துக்கொண்டு ஓடுவதில்லை. வாயையும் செவுளையும் ஒருசேரத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உள்ளே உறிஞ்சுகிறது. ஈயத்தலை வாய்க்குள் பட்டதும், இது உணவல்ல என்று கண்டு மறுகணமே துப்பியும் விடுகிறது. அந்தச் சிறு இடைவெளியில் மேலே கோலைப் பிடித்திருப்பவருக்கு வந்து சேரும் தகவல் மிகவும் மெல்லியது. நூலில் 'டிக்' என்று ஒரு தட்டு, அல்லது இறங்கிக்கொண்டிருந்த ஜிக் பாதி வழியில் நின்றுவிட்டது போன்ற ஒரு வெறுமை, அல்லது ஈரத் துணியொன்றைத் தூக்கியது போன்ற ஒரு கனம், அவ்வளவுதான். ஆகவே ஜிக் போடுவதற்கென்று கோல் வாங்கப் போகிறவர், அது எவ்வளவு பெரிய மீனைத் தாங்கும் என்பதைவிட, இந்த மெல்லிய தட்டைக் கைவரை கொண்டுவந்து சேர்க்குமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கனடாவின் ஒன்ராறியோவில் பலரும் பிக்கரல் என்றும், கியூபெக்கில் டொரே என்றும் அழைப்பது இந்த மீனைத்தான். இதன் கண்ணின் உட்புறத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால் மங்கிய வெளிச்சத்திலும் இதற்கு நன்றாகப் பார்வை தெரியும். அதனால்தான் விடியற்காலையிலும், பொழுது சாய்ந்த பிறகும், காற்றடித்துத் தண்ணீர் கலங்கிய நாட்களிலும் இது மும்முரமாக இரை தேடுகிறது. நமக்கு நூலே கண்ணுக்குத் தெரியாத நேரம்தான் மீன் நன்றாகக் கிடைக்கும் நேரம் என்பதால், கண்ணின் வேலையையும் விரல்தான் செய்தாக வேண்டும். எங்கள் ஊர்க் கடலில் தங்கூசி என்னும் நைலான் நூலை ஆட்காட்டி விரலின் மேல் ஓடவிட்டுக் கைத்தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். நல்ல ஜிக் கோல் என்பது அந்த விரலையே ஆறரை அடிக்கு நீட்டி வைத்தது போன்றது.

நான் இந்த நாட்டில் முதன்முதலாக வாங்கிய கோல் அப்படிப்பட்டதல்ல. எல்லா மீனுக்கும் இது போதும் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ஏழடிக் கோல் அது; தடித்த நுனியும் கனத்த பிடியும் கொண்டது. ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் பெல்வில் நகரை ஒட்டியிருக்கும் குவின்ரி குடாவில், ஒரு மாலை முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டு படகில் நின்றேன். பக்கத்தில் இருந்த நண்பர் அதே ஜிக், அதே இரை, அதே ஆழம் என்று போட்டு மூன்று மீன்களை எடுத்தார்; எனக்கு ஒரு தட்டுகூடத் தெரியவில்லை. ஆனால் என் கொக்கியில் கோத்திருந்த சிறுமீனின் வால் பக்கம் நசுங்கி, செதில் உரிந்து, பல் பட்ட தடத்தோடு மேலே வந்தது. மீன் வந்து எடுத்துத் துப்பிவிட்டுப் போயிருக்கிறது. கோல் எனக்குச் சொல்லவில்லை.

எனவே கோலைத் தேடும் முன், நீங்கள் போடப்போகும் ஜிக்கின் எடையை முடிவுசெய்யுங்கள். கோலின் நீளத்தையும் விலையையும் முதலில் பார்ப்பதுதான் வழக்கமாக நேரும் பிழை. ஜிக்குகள் அவுன்ஸ் பின்னங்களில் விற்கப்படுகின்றன: 1/16, 1/8, 1/4, 3/8, 1/2. இவற்றை நம் பழைய கணக்கில் வீசம், அரைக்கால், கால், காலேஅரைக்கால், அரை என்று சொல்லிவிடலாம். என் தந்தையார் தலைமுறையினர் இந்தப் பெட்டியைப் பார்த்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார்கள். அரைக்கால் அவுன்ஸ் என்பது ஏறத்தாழ மூன்றரை கிராம், கால் அவுன்ஸ் ஏழு கிராம், அரை அவுன்ஸ் பதினான்கு கிராம். அமைதியான நீரில் பத்தடி ஆழத்துக்கு அரைக்கால் அவுன்ஸ் என்பது பலரும் கைக்கொள்ளும் கணக்கு. காற்றோ நீரோட்டமோ கூடினால் எடையையும் கூட்ட வேண்டும். ஆழம் குறைந்த ஏரிக்கரைப் பாறைகளிலும் களைத்திட்டுகளின் ஓரத்திலும் வீசுபவருக்கு அரைக்காலும் காலும் போதும். ஈரி ஏரியிலிருந்து முட்டையிட ஏறும் மீனுக்காக வசந்தகாலத்தில் டெட்ரோயிட் ஆற்றில் படகை ஓட்டத்தோடு விட்டுச் செங்குத்தாக ஜிக் இறக்குபவருக்கோ அரை அவுன்சுக்குக் குறைந்தால் அடியே தட்டுப்படாது. இந்த இருவருக்கும் ஒரே கோல் பொருந்தாது.

கோலின் பிடிக்குச் சற்று மேலே சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வரியைப் படியுங்கள். அதில் நீளம், பவர், ஆக்ஷன், ஏற்ற நூலின் வலிமை, ஏற்ற எடை ஆகிய ஐந்தும் இருக்கும். பவர் என்பது கோலை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைக் குறிக்கிறது. வால்ஐ மீனுக்கு மீடியம் லைட், மீடியம் என்ற இரண்டுக்குள்தான் நம் தேர்வு அமையும். அரைக்கால் முதல் கால் அவுன்ஸ் வரை அதிகம் போடுபவர் மீடியம் லைட்டையும், கால் அவுன்சுக்கு மேல் போடுபவர் மீடியத்தையும் எடுக்கலாம். ஆனால் ஒரு நிறுவனத்தின் மீடியம் லைட் இன்னொரு நிறுவனத்தின் மீடியத்துக்கு ஒப்பாக இருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். ஆகவே பெயரைவிட எடை வரம்பையே நம்புங்கள். நீங்கள் வழக்கமாகப் போடும் ஜிக் அந்த வரம்பின் நடுவில் விழ வேண்டும். கொக்கியில் கோக்கும் பிளாஸ்டிக் இரைக்கும் சிறுமீனுக்கும் எடை உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்ஷன் என்பது கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பது. இதையும் பவரையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். ஃபாஸ்ட் ஆக்ஷன் கோல் நுனிப் பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் வளைந்து, அதற்குக் கீழே விறைப்பாக நிற்கும். எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் அதைவிடக் குறைந்த நுனிப்பகுதியில் மட்டும் வளையும். மாடரேட் பாதி நீளம்வரை வளையும். ஜிக்கில் இருப்பது ஒற்றை முள், அதுவும் ஓரளவு தடித்தது. வால்ஐ மீனின் வாயின் மேற்பகுதி எலும்பு நிறைந்தது. அங்கே முள் ஏற வேண்டுமென்றால், நாம் சுண்டியதும் அந்த விசை கோலின் நடுவளைவில் கரைந்துவிடாமல் நேரே கொக்கிக்குப் போய்ச் சேர வேண்டும். அதனால் ஃபாஸ்ட் அல்லது எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்தான் வேண்டும். இரண்டில் எது என்பதை நூல் தீர்மானிக்கட்டும். இழுபட்டு நீளும் தங்கூசி போடுபவருக்கு எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் அந்த நீட்சியை ஈடுகட்டும். நீட்சி ஏறக்குறைய இல்லாத பின்னல் நூல் போடுபவருக்கு, என் கருத்தில், ஃபாஸ்ட் நல்லது. கோலின் நுனியில் கொஞ்சமாவது நெகிழ்வு இருந்தால்தான் மீன் இரையை உறிஞ்சும்போது எதிர்ப்பு எதையும் உணராது, படகருகே தலையை உதறும்போதும் முள் கிழித்துக்கொண்டு வராது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. முன்னும் பின்னும் ஒற்றை முள்ளும் வயிற்றில் மும்முனைக் கொக்கியும் கொண்ட சறுக்கு இரைகளை வேகமாகச் சுண்டித் தூக்கிப் போடும் முறை இப்போது கோடையில் பரவலாகிவிட்டது. அந்தச் சிறிய முட்கள் மீனின் மெல்லிய தோலில்தான் பெரும்பாலும் மாட்டும். அதற்குச் சற்று நீண்ட, இன்னும் சற்றுக் கீழே இறங்கி வளையும் கோலே மீனைக் கைவிடாது.

நீளத்தை நீங்கள் ஜிக்கை எப்படிப் போடுகிறீர்கள் என்பதை வைத்து முடிவுசெய்யலாம். படகின் அடியில் நேராக இறக்கி ஆட்டுபவருக்கு ஐந்தே முக்கால் அடி முதல் ஆறேகால் அடி வரை போதும். கோல் குட்டையாக இருந்தால் நுனியைத் தண்ணீருக்கு அருகே தாழ்த்தி வைக்கலாம், காற்று நூலை வில்போல வளைக்காது, மணிக்கட்டும் நோகாது. தூரத்தில் வீசி, அடியில் துள்ளவிட்டு இழுத்து வருபவருக்கு ஆறே முக்கால் முதல் ஏழடி வேண்டும். நீண்ட கோல் தூரமாக வீசும் என்பதோடு, சுண்டும்போது தொய்ந்த நூலை ஒரே வீச்சில் வாரிக்கொள்ளும். கரையில் நின்று பிடிப்பவர்களும் இந்த நீளத்தையே எடுக்கலாம். பனிக்கட்டியில் துளையிட்டுப் பிடிக்கும் இரண்டரை அடிக் கோல் முற்றிலும் வேறு கருவி. அதை இங்கே சேர்க்கவில்லை.

கோலின் உடல் கிராஃபைட் எனப்படும் கரி இழையால் ஆனதாக இருக்க வேண்டும். கண்ணாடி இழைக் கோல் அடித்தாலும் மிதித்தாலும் தாங்கும், ஆனால் அதிர்வைத் தன்னுள்ளேயே விழுங்கிவிடும். கிராஃபைட்டில் விறைப்பு கூடக்கூடச் சுவரை மெல்லியதாக்கலாம், எடை குறையும், தட்டு துல்லியமாகக் கேட்கும். அதே அளவுக்கு அடிபட்டால் உடையும் தன்மையும் கூடும். 24 டன், 30 டன், 40 டன் என்று கோல்களில் எழுதியிருப்பது இந்த விறைப்பைத்தான். அந்த எண்களை ஒரே நிறுவனத்தின் கோல்களுக்குள் ஒப்பிடுங்கள். நிறுவனம் விட்டு நிறுவனம் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள், ஏனெனில் அவற்றுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. தொடங்குபவருக்கு நடுத்தரக் கிராஃபைட்டே நல்லது. படகு அலையில் குதிக்கும்போது ஈயத்தலை கோலில் இடித்து உண்டாக்கும் மயிரிழைக் கீறல், மாதங்கள் கழித்து நல்ல மீன் மாட்டியிருக்கும் நேரத்தில் கோலை முறித்துவிடும்.

இனி, பலரும் கவனிக்காத சமநிலை. கடைக்குப் போகும்போது நூல் சுற்றும் உங்கள் ரீலையும் எடுத்துச் செல்லுங்கள். இந்த வேலைக்கு 2000 அல்லது 2500 அளவுள்ள ஸ்பின்னிங் ரீல் பொருந்தும். ரீலைக் கோலில் பூட்டி, ரீலின் காலுக்கு முன்புறம் ஆட்காட்டி விரலை வைத்து அதன்மேல் கோலை நிறுத்துங்கள். துலாக்கோல் போல நிற்க வேண்டும். நுனி தாழ்ந்துபோனால் அந்தக் கோலை வைத்துவிடுங்கள். ஐந்து மணி நேரம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும் மணிக்கட்டு தளர்ந்து, தளர்ந்த கை எதையும் உணராமற்போகும். பிடி தக்கையோ நுரை ரப்பரோ, அது அவரவர் விருப்பம். குளிர் நாட்களில் தக்கை கைக்கு இதமாக இருக்கும். ஆனால் ரீல் அமரும் இடத்தில் கோலின் உடல் வெளியே தெரியும்படி திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். விரல் நுனி கிராஃபைட்டை நேரடியாகத் தொட்டிருந்தால், தக்கை வழியாக வராத தட்டும் தெரியும்.

வளையங்களின் உட்புறம் பீங்கான் போன்ற கடினப் பொருளால் ஆனதாக, பின்னல் நூலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நான் பத்து ராத்தல் தாங்கும் பின்னல் நூலும், அதன் முனையில் மூன்றடிக்கு எட்டு ராத்தல் தாங்கும் ஃப்ளூரோகார்பன் நூலும் போடுகிறேன். இரண்டையும் இணைக்கும் முடிச்சு நுனி வளையத்தில் தடைப்படாமல் ஓட வேண்டும். மிகச் சிறிய வளையங்கள் கோலின் எடையைக் குறைத்தாலும், பனி விழத் தொடங்கும் நவம்பரில் நூலோடு வரும் நீர் உறைந்து அவற்றை அடைத்துவிடும். இலையுதிர்காலத்தின் கடைசியில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

கடையில் செய்து பார்க்க வேண்டியவை இரண்டு. உங்கள் ஜிக்கை ஒரு சாண் நூலில் கோலின் நுனியில் கட்டித் தொங்கவிட்டு, மெல்ல ஆட்டுங்கள்: நுனி அசையாமல் நின்றால் கோல் மிகவும் விறைப்பு, எடையைத் தூக்க முடியாமல் குனிந்தே கிடந்தால் மிகவும் மெலிவு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு கோலைப் பிடியுங்கள். உடன் வந்தவரை நுனி வளையத்தை நகத்தால் இலேசாகச் சுரண்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று கோல்களில் ஒன்றன்பின் ஒன்றாக இதைச் செய்தால் எது பேசுகிறது, எது மௌனமாக இருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விலை அதிகமான கோல்தான் எப்போதும் பேசும் என்று நினைக்க வேண்டாம்.

ஒரே ஒரு கோல்தான் வாங்க முடியும் என்பவருக்கு நான் சொல்வது: ஆறரை அடி, மீடியம் லைட், ஃபாஸ்ட், அரைக்கால் முதல் அரை அவுன்ஸ் வரை தாங்குவது, ஸ்பின்னிங் வகை. ஒரே துண்டாக இருந்தால் நல்லது. ஆனால் சிறிய காரும் அடுக்குமாடி வீட்டு மின்தூக்கியும்தான் உங்கள் வாழ்க்கை என்றால் இரண்டு துண்டுக் கோலைத் தயங்காமல் வாங்குங்கள், இப்போதைய இணைப்புகளில் உணர்வு பெரிதாகக் குறைவதில்லை. கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கைக் கோலுக்கே ஒதுக்குங்கள். இந்த மீனுக்கு ரீல் சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம்.

பழைய கோல் மலிவாகக் கிடைத்தால், வாங்கும் முன் சிறிது பஞ்சை ஒவ்வொரு வளையத்தின் உள்ளும் சுற்றித் தேய்த்துப் பாருங்கள். கீறல் இருக்கும் இடத்தில் பஞ்சிழை சிக்கி நிற்கும். கொக்கியை வளையத்துக்குள் மாட்டி வைக்கும் பழக்கத்தால்தான் பெரும்பாலும் அந்தக் கீறல் உண்டாகிறது, அதுவே பின்னல் நூலை அறுக்கிறது. புதிய கோல் வாங்கியவர்களும் அதன் பிடியருகே கொக்கி மாட்டுவதற்கென்றே வைத்திருக்கும் சிறு கம்பியில் மாட்டி வைக்கட்டும்.