ஷார்ட் த்ரோ ஷிஃப்டர்: கன்சோலை மூடுவதற்கு முன்

கியர் மாற்ற லிவர் நகரவேண்டிய தூரத்தைக் குறைக்கும் பாகம்தான் ஷார்ட் த்ரோ ஷிஃப்டர். கியர் லிவர் வெறும் நெம்புகோல்தான். பிவட்டுக்கு, அதாவது லிவர் ஆடும் அச்சுக்கு, மேலே 200 மி.மீ., கீழே 50 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்முனை 15 மி.மீ. நகர, மேல்முனையில் கை பிடிக்கும் நாபை 60 மி.மீ. தள்ள வேண்டும். கீழ்ப்பகுதியை 70 மி.மீ. ஆக்கினால் 43 மி.மீ. போதும், ஆனால் கை கொடுக்கவேண்டிய பலம் 40 சதவீதம் கூடிவிடும். எந்த கிட் வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

முதலில் லிவர் இணைப்புகளில் உள்ள புஷ்களை (தேயும் சிறு வளையங்களை) பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு லிவரை ஆட்டினால் தளர்வாக ஆடுகிறதா? தேய்ந்த புஷ்ஷோடு ஷார்ட் ஷிஃப்டர் போட்டால் அந்த ஆட்டம் அப்படியே இருக்கும். இரண்டாம் கியரில் ஏற்கெனவே கரகரக்கும் வண்டிக்கும் இது மருந்தல்ல. கியர்களின் வேகத்தைச் சமன்செய்யும் பாகமான சின்க்ரோ அதற்கு எடுக்கும் நேரம் குறையாது. கைதான் அதை அவசரப்படுத்தும்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் போடுங்கள். பல கார்களில் ஏர்பேக் மாட்யூல் கன்சோலுக்கு அடியில்தான் இருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். நாபைத் திருகிக் கழற்றி, கன்சோலைத் தூக்குங்கள். வராவிட்டால் இழுக்காதீர்கள், எங்கோ ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது; ஆர்ம்ரெஸ்ட் பெட்டியின் அடியில் தேடுங்கள்.

லிவர் கேபிள் வழியாகக் கியர்பாக்ஸை இயக்கும் வண்டியில் இரண்டு கேபிள் முனைகளையும் நெம்பி எடுத்து, எது எங்கே என்று டேப் ஒட்டிவிட்டு, அடித்தட்டு போல்ட்டுகளைக் கழற்றுங்கள். லிவர் நேராகக் கியர்பாக்ஸுக்குள் இறங்கும் வண்டியில் லிவரைச் சுற்றியுள்ள ரப்பர் உறையையும் (பூட்) மாற்றுவது நல்லது. 5 கியர் உள்ள பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் லிவர் அமரும் குழிக்குத் தனி ஆயில் உண்டு. பூட் கிழிந்திருந்தால் அது வெளியேறி, சூடு மேலேறி, லிவர் வறண்டு இழுக்கும். பிவட் பந்துக்கு லித்தியம் கிரீஸ், ரப்பருக்கு சிலிகான் கிரீஸ். தவறி ரிவர்ஸில் விழாமல் தடுக்கும் ரிவர்ஸ் லாக் வளையம் புது லிவரில் சேருமா, நாபின் மரை பொருந்துமா என்பதையும் பழையதை வைத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

இனிதான் பலர் தவறவிடும் இடம். கன்சோலைத் திறந்தபடியே வைத்து, எஞ்சின் ஓடாமல், கிளட்ச் மிதித்து எல்லாக் கியரையும் போடுங்கள். ஒவ்வொரு கியரிலும் லிவருக்கும் சுற்றியுள்ள தகட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். லிவர் எங்காவது இடித்து நின்றால் கியர் முழுதாக மாட்டியிருக்காது. முதலில் தெரியாது, பிறகு ஆக்ஸிலரேட்டரை விட்டதும் கியர் நழுவும். மேலே உள்ள லெதர் உறையும் இப்படித்தான்: இறுக்கமாக இருந்தால் லிவரைப் பின்னுக்கு இழுக்கும்.

கேபிள் வண்டியில் அட்ஜஸ்ட்மென்ட்டைத் தவிர்க்கவே முடியாது. லாக் பின் இருந்தால் அதைப் போட்டு, லிவரையும் கியர்பாக்ஸில் உள்ள செலக்டரையும் நியூட்ரலில் பூட்டி, பிறகு கேபிளை இறுக்குங்கள். போல்ட்டுகளை அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் டார்க்குக்கே (முறுக்கு விசைக்கே) முடுக்குங்கள்.

பக்கவாட்டு அசைவையும் குறைக்கும் கிட்டில் கொஞ்சம் யோசியுங்கள். கேட்டுகள், அதாவது லிவர் செல்லும் கியர் வரிசைகள், நெருங்கிவிடும், ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கப்போய் இரண்டில் விழுந்தால் எஞ்சின் சிவப்புக்கோட்டைத் தாண்டிச் சுழலும், ரெவ் லிமிட்டர் அதைத் தடுக்காது. முன்பின் தூரம் மட்டும் குறையும் கிட்டே முதல் மாற்றத்துக்குப் போதும்.